பஞ்சில் ஒட்டிய முகம்

உம்ப்ரியா, இத்தாலி
12 அக்டோபர் 1998

இல்லை அக்கா, தூரிகை இல்லை. பஞ்சு.

போனில் அதைச் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். குளிர் இன்னும் முழுதாக வரவில்லை. விரல் நுனிக்கு மட்டும் வந்திருக்கிறது.

வேலை இதுதான். ஈர்க்குச்சி மாதிரி ஒரு குச்சி. நுனியில் பஞ்சு. அதைச் சுவரில் உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. அழுக்கானதும் எறிந்துவிட்டு வேறு பஞ்சு. சாயங்காலம் என் காலடியில் ஒரு பருத்திக் காடே வெடித்துக் கிடக்கும்.

போன வருஷப் பூகம்பத்தில் இந்தச் சின்னத் தேவாலயத்தின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சுவர்கள் நிற்கின்றன. சுவரில் ஐந்நூறு வருஷத்து ஓவியம். அதன்மேல் ஏதோ ஒரு கொள்ளைநோய்க் காலத்தில், நோய் போகட்டும் என்று சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். சில இடங்களில் சுண்ணாம்பைச் செதில் செதிலாக எடுக்கிறோம். சில இடங்களில் வெறும் புகை அழுக்கு. அதற்குத்தான் பஞ்சு.

பஞ்சை எதில் நனைப்பது? சிரிக்காதே. எச்சிலில். அதைவிட மென்மையாக அழுக்கை எடுப்பது எதுவும் இல்லையாம். எங்கள் தலைவி பிராங்கா சொல்கிறாள். ஐம்பது வயது, ஆண்களைப் போல விசில் அடிப்பாள். நான் மூன்று நாளாக மாதாவின் முழங்கையை எச்சிலால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உதவித்தொகை ஜூன் வரை. அதற்குள் ஒரு முகமாவது என் கையால் வெளியே வர வேண்டும்.

உன் இந்துஜா


நாகலாபுரம்
3 நவம்பர் 1998

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். ஐப்பசி மழை நன்றாக இறங்கியிருக்கிறது. கரிசல் செருப்பை விடமாட்டேன் என்கிறது. அத்தான் உளுந்து விதைத்துவிட்டு, முளைக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிறார். உனக்கு இருமல் வந்தால் மிளகு போட்டுக் குடி. அங்கே மிளகு கிடைக்கும்தானே.

உன் கடிதத்தைப் பால்வாடியில் வைத்துப் பெத்தம்மாளுக்கு வாசித்தேன். எங்கள் சமையல்காரி, உனக்குத் தெரியும். எச்சில் வந்த இடத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "படிக்கப் போன புள்ள சாமி மேல துப்பிக்கிட்டா இருக்கு?" என்றாள். நான் சாமி இல்லை, மாதா என்றேன். "அவியளும் தாய்தானே" என்றாள்.

இந்து, ஒரு விஷயம். பால்வாடி நடக்கிற காளியம்மன் கோயில் மண்டபத்தில் மேற்குச் சுவர் ஞாபகம் இருக்கிறதா? கரி படிந்த சுவர். கீழே மட்டும் நாலைந்து ஆட்டுக் கால் தெரியும். உட்காரும் பிள்ளைகளின் முதுகு உரசி உரசி அந்தக் கால்கள் தெரிகின்றன என்று இப்போதுதான் தோன்றியது. கால் இருந்தால் ஆடு இருக்கும். ஆடு இருந்தால் மேய்க்க ஆள் இருக்க வேண்டும். மேலே குடம் சுமந்த ஒரு பெண்ணின் வடிவம் இருட்டுக்குள் நிற்கிற மாதிரி தெரிகிறது. முகம் தெரியவில்லை.

கோயில் பெரியவர் குருசாமி அண்ணாச்சி பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டபம் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார். வேண்டாம் என்றேன். "இருட்டடிச்ச சுவத்துல அப்படி என்னம்மா இருக்கு? காட்டு, பாப்போம்" என்றார். காட்டினால் விடுவார். அதற்கு என்ன செய்ய வேண்டும், சொல்.

ராதாமணி


உம்ப்ரியா
20 நவம்பர் 1998

அக்கா,

சுகம். மிளகு கிடைத்தது. அத்தானின் உளுந்து முளைத்ததா?

ஒரு கண் வந்துவிட்டது.

சுண்ணாம்புச் செதில் ஒன்றைக் கத்தி முனையால் நெம்பினேன். அடியில் ஈரமாக ஏதோ மின்னுகிற மாதிரி. ஈரம் இல்லை. கண். ஐந்நூறு வருஷத்துக்கு முன் வைத்த வெள்ளைப் புள்ளி ஒன்று விழியில். நான் கத்தினேன் போலிருக்கிறது. கீழே இருந்த எல்லோரும் சாரத்தில் ஏறிவிட்டார்கள். பிராங்கா விசில் அடித்தாள்.

உன் கடிதம் அன்றுதான் வந்தது. கண்ணும் ஆட்டுக் கால்களும் ஒரே நாளில்.

பயப்படாமல் தொடங்கு. சுவர் ஓவியம் பலமானது. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை வைத்துவிடுவார்கள். காய்ந்ததும் இரண்டும் ஒரே கல். ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூச்சு. விரலால் தடவினால் ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கிய மேடு தட்டுப்படுகிறது. மாதாவின் முகம் ஒரு முழு நாள். பின்னால் இருக்கிற மலை முழுவதும் ஒரே நாள். மலைக்கு ஓவியன் அவ்வளவு மெனக்கெடவில்லை.

கல் என்பதால் தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. முதலில் காய்ந்த துணியால் ஒற்று. போகாத கரிக்குப் பஞ்சை லேசாக நனைத்து உருட்டு. வந்ததை உடனே எழுது.

இந்து


நாகலாபுரம்
13 டிசம்பர் 1998

இந்துவுக்கு,

உளுந்து முழங்கால் உயரம். நாங்கள் சுகம். உன் கண்ணை நான் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

இங்கே நாய் வந்திருக்கிறது.

அத்தானின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி, நீ சொன்ன மாதிரி காய்ந்தபடியே ஒற்றினேன். கரி மாவு மாதிரி உதிர்ந்தது. ஒவ்வொரு ஆடாக வந்தது. ஒன்று கொம்பு முறிந்தது. ஒன்று திரும்பிப் பார்க்கிறது. கடைசியில், மந்தைக்குப் பின்னால், நாக்கைத் தொங்கப் போட்டு ஒரு நாய். பிள்ளைகள் அதற்கு மணி என்று பேர் வைத்து, மதியச் சோற்றில் ஒரு கவளம் சுவருக்குக் கீழே வைக்கிறார்கள். ஊரே வந்து பார்க்கிறது. வயலில் ஆட்டுக் கிடை போட வந்த கீதாரி ஒருவர் வெகுநேரம் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, "இது செம்மறி. வரைஞ்சவன் ஆடு மேச்சவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குருசாமி அண்ணாச்சியும் வந்தார். நாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். அது போதும் எனக்கு.

மேலே அந்தப் பெண்ணின் முகத்தில் எண்ணெய்ப் புகை. காய்ந்த துணிக்கு மசியவில்லை. நாளைக்கு நனைத்த பஞ்சு. எச்சில் மட்டும் என்னால் முடியாது இந்து. அம்மன் மண்டபம். பன்னீர் வாங்கி வைத்திருக்கிறேன். முகம் வந்ததும் எழுதுகிறேன்.

ராதாமணி


உம்ப்ரியா
16 டிசம்பர் 1998

அக்கா,

உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கிறிஸ்துமஸ் என்பதால் தபால் ஊர்கிறது. எல்லோரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு விரல் வெடிப்பு மட்டும்.

நேற்றுத் திட்டு வாங்கினேன். மாதாவின் மேலாடை நீலம். பார்த்தாலே குளிரும். முழங்கை முடிந்த உற்சாகத்தில் நனைந்த பஞ்சை அப்படியே நீலத்துக்குக் கொண்டுபோனேன். ஒரே உருட்டல். பஞ்சு நீலமாகிவிட்டது. பிராங்கா என் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கினாள். நீலத்துக்குப் பக்கத்தில் என் எச்சில் வரக்கூடாது என்றாள். எல்லோர் முன்னாலும்.

பிறகு காப்பி வாங்கிக் கொடுத்து விளக்கினாள். நீலக்கல்லை அரைத்த அந்த வண்ணமும் ஈரச் சுண்ணாம்பும் ஒத்துப்போகாதாம். அதனால் ஓவியன் சுவர் காயும்வரை காத்திருந்து, நீலத்தைப் பசையில் குழைத்து மேலே பூசியிருக்கிறான். அது கல் ஆகவில்லை. வெறும் பசை. தண்ணீர் பட்டால் வந்துவிடும். நல்லவேளை, ஒரு கடுகு அளவுதான் போனது. பயிற்சிக்கு வந்தவர்கள் யாரும் இனி நீலத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

ஜூனுக்குள் நீலத்துக்குத் திரும்ப வேண்டும். அதுதான் இப்போது ஆசை.

உன் ஆடுகள் என்ன ஆயின?

இந்து


நாகலாபுரம்
18 ஜனவரி 1999

அன்புள்ள இந்துஜாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் டிசம்பர்க் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. பொங்கல் நன்றாகப் பொங்கியது. மாட்டுக் கொம்புக்கு இந்த வருஷம் பச்சை அடித்தோம். உளுந்து காய் பிடித்திருக்கிறது. அத்தானுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்து சரியாகிவிட்டது. பெத்தம்மாள் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். விரல் வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவு.

காய்ந்த சுவரில் பசையோடு பூசியது, ஈரச் சுவரில் பூசியது என்று எழுதியிருந்தாயே. ஒரு சுவர் எது என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது? சும்மா கேட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

ராதாமணி


உம்ப்ரியா
4 பிப்ரவரி 1999

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பண்டிகைக் குவியலில் டிசம்பர்க் கடிதம் எங்கேயோ சிக்கியிருக்கிறது. நான் முதலில் பிரித்தது ஜனவரிக் கடிதத்தை. மாட்டுக் கொம்பின் நிறம் எழுதுகிறாய், ஆட்டைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று நினைத்தேன். பிறகு மற்றதைப் பிரித்தேன். நாய். கீதாரி. பன்னீர்.

நீ எழுத வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் உன் கை பாதி, என் கை பாதி. கல், தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று எழுதியது நான். இங்கே இருக்கிற சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு அங்கே இருக்கிற சுவருக்குச் சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் காய்ந்த சுவரில் பிசின் சேர்த்து வரைவதும் உண்டு என்று படித்திருக்கிறேன். படித்தது கடிதம் எழுதும்போது ஞாபகம் வரவில்லை. கண் கிடைத்த சந்தோஷம்.

அக்கா, அந்தப் பஞ்சு எங்கே? எறிந்துவிட்டாயா? எறிந்திருந்தால் தேடு. இருந்தால் காகிதத்தில் சுற்றி அனுப்பு. சுவரில் இனி எதுவும் படக் கூடாது. துணிகூட.

சாப்பிடு. தூங்கு. அத்தானிடம் சொல்லிவிட்டாயா?

இந்து


நாகலாபுரம்
19 பிப்ரவரி 1999

இந்து,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்த பிறகு சாப்பாடு இறங்குகிறது.

பஞ்சை எறியவில்லை. அதை எப்படிக் குப்பையில் போடுவது? பிள்ளைகளின் பவுடர் டப்பாவில் வைத்திருந்தேன். இத்துடன் இருக்கிறது.

பன்னீர் சாமிக்குத் தெளிப்பதுதானே என்று தாராளமாக நனைத்தேன். முதல் பஞ்சு கருப்பு. அடுத்தது மஞ்சள். மஞ்சளைப் பார்த்ததும், உள்ளே இருக்கிற நிறம் வெளியே வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் உருட்டினேன். பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன்.

குடம் இருக்கிறது, கை இருக்கிறது, கழுத்து இருக்கிறது.

பெத்தம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா. மறுநாள் நான் ஒரு பிள்ளைக்கு மூக்கு துடைத்துவிடும்போது, "பாத்து டீச்சர், அதுக்காவது மொகம் இருக்கட்டும்" என்றாள். நான் அழுததும் அவளும் அழுதாள். நான் ஏன் உனக்கு எழுதவில்லை என்றால், எழுதாதவரை அந்த முகம் உனக்காவது இருந்தது.

குருசாமி அண்ணாச்சி திட்டவில்லை. அதுதான் கஷ்டம். "கண்ணு போன படத்தை அம்மன் முன்னால வச்சுக்கிட்டு எப்படிம்மா கொடை நடத்த? ஊருக்கு ஆகாது. மூடித்தான் ஆகணும்" என்றார். கொடை ஏப்ரல் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு சுண்ணாம்பு மட்டையைத் தொட்டுவிடுவார்கள். ஆடும் நாயும் சேர்ந்து போகும். நானே தொடங்கி நானே முடித்துவிட்டேன்.

ராதாமணி


உம்ப்ரியா
8 மார்ச் 1999

அக்கா,

எல்லாம் சுகம், சுகம். இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

டப்பா வந்தது. பிராங்கா திறந்து முகர்ந்து பார்த்தாள். பன்னீர் வாசனை. நான் முழுக்கதையையும் சொன்னேன், என் கடிதம் உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முதல் வருஷத்தில் ஒரு புனிதரின் காதைத் தொலைத்தாளாம். யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள்.

நுண்ணோக்கியில் வைத்தோம். பஞ்சு இழைகளுக்கு நடுவில் உன் மஞ்சள். மஞ்சள் மண், மரப்பிசின். தண்ணீரில் கரையும் பிசின்தான். அதனால் வந்துவிட்டது. ஆனால் கேள். எங்கேயும் சிவப்பு இல்லை. ஒரு துளிகூட. முகம் வரைபவன் முதலில் கோடு போடாமல் நிறம் வைப்பானா? இங்கே கோட்டைச் சிவப்பு மண்ணால்தான் போடுவார்கள். நிறம் உதிர்ந்த இடங்களில் அந்தச் சிவப்பு தெரியும். உன் சுவரை வரைந்தவன் கோட்டை மட்டும் ஈரச் சுண்ணாம்பில் போட்டிருந்தால்? அது பஞ்சுக்கு வந்திருக்காது. இப்போதும் சுவரில் இருக்கும்.

இருக்கலாம். இந்த முறை இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

தொடாமல் பார். சுவருக்குப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, வெயிலைச் சாய்வாகச் சுவரில் விடு. சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் தெரியும்.

கீழே பாதிரியார் வீட்டுச் சமையல்காரி ஊதாத் துணிகளை வெயிலில் உலர்த்துகிறாள். ஈஸ்டருக்கு முந்திய இரண்டு வாரம் சிலுவை, சிலை எல்லாவற்றையும் அவற்றால் மூடிவிடுவார்களாம். நாங்கள் திறக்கத் திறக்க அவர்கள் மூடுகிறார்கள் என்று பிராங்கா புலம்புகிறாள்.

ஓடு. கண்ணாடி எடு.

இந்து


நாகலாபுரம்
8 ஏப்ரல் 1999

இந்துக்குட்டி,

கொடை முடிந்தது. எல்லோரும் சுகம். தொண்டை மட்டும் கட்டிவிட்டது, ஊருக்கே.

உன் கடிதம் வந்த அன்று பால்வாடிக் கண்ணாடியைக் கழற்றினேன். காலை வெயில் மண்டபத்துக்குள் வருவதில்லை. பெத்தம்மாள் வெளியே நின்று எவர்சில்வர் தட்டில் வெயிலைப் பிடித்து என் கண்ணாடிக்கு எறிந்தாள், நான் சுவருக்குத் திருப்பினேன். முதலில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைச் சாய்த்தேன். இன்னும் சாய்த்தேன்.

புருவம். மூக்கு ஒரே இழுப்பு. இரண்டு கண், வெறும் கோட்டில். சிவப்பு. முடி அளவு. அவள் குடத்தைப் பார்க்கவில்லை இந்து. கீழே நாயைப் பார்க்கிறாள்.

பெத்தம்மாள் வெளியிலிருந்து, "ஏட்டி, என்ன தெரியுது, சொல்லித் தொலை" என்கிறாள். டீச்சர் என்பதெல்லாம் போய்விட்டது.

குருசாமி அண்ணாச்சியைக் கூட்டி வந்தேன். கண்ணாடியை அவரே பிடித்துப் பார்த்தார். "கோடுதானம்மா கெடக்கு. கண்ணுல உசிரு இல்லயே" என்றார். அப்போது எனக்கு வாயில் வந்துவிட்டது.

"கண்ணு போகலை அண்ணாச்சி. இன்னும் திறக்கலை."

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். புதுச் சிலை செய்தால் கண் திறக்கிற நாள் வரை எப்படி மூடி வைப்போம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அப்போ திரை போட்டுல்லா வைக்கணும்" என்றார். நீ எழுதிய ஊதாத் துணி எனக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் திரை என்று சொன்னது அவர்தான். அதனால்தான் ஊரில் ஒருத்தரும் மறுபேச்சு பேசவில்லை.

விளாத்திகுளத்தில் தௌசிப் பாய் கடைக்குப் போய்ச் சுவரின் நீளத்துக்குக் காடாத் துணி கேட்டேன். "யாருக்கும்மா இவ்வளவு பெரிய சேலை?" என்றார். ஆட்டுக்காரிக்கு என்றேன். வெள்ளையே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னார், சாயம் சுவரில் இறங்கிவிடும் என்று. சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டோம். மற்ற மூன்று சுவருக்கும் சுண்ணாம்பு. மேற்குச் சுவருக்குத் திரை. கொடையன்று தூரத்திலிருந்து பார்த்தால் நாலும் வெள்ளைதான். காற்று அடித்தால் ஒன்று மட்டும் மூச்சு விடும்.

ஒரு சிக்கல். தீபாராதனை முடிந்து விபூதி கொடுக்கும்போது அண்ணாச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "திரை போட்டா என்னைக்காவது திறக்கணும்லா. ஒந் தங்கச்சி எப்ப வாரா?"

நான் என்ன சொல்லட்டும்?

ராதாமணி


உம்ப்ரியா
24 ஏப்ரல் 1999

அக்கா,

தொண்டை சரியானதா? நான் சுகம்.

ஆனி மாதம் வருகிறேன் என்று அண்ணாச்சியிடம் சொல். ஜூன் பதினெட்டு, கோவில்பட்டியில் இறங்குவேன். ஆனால் இதையும் இப்போதே சொல்லிவிடு. நான் கண்ணை வரைய மாட்டேன். இருக்கிற கோடு உதிராமல் பிடித்து நிறுத்துவேன், அவ்வளவுதான். அதைக் கண் திறப்பு என்று அவர் ஒத்துக்கொள்வாரா, தெரியவில்லை. கேட்டு வை. ஒத்துக்கொள்ளாவிட்டால் திரை இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் பிராங்காவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். வெள்ளைத் துணி மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு, இனி நீலத்தைத் தொடலாம் என்றாள். பஞ்சைக் கொடுக்கவில்லை. மென்மயிர்த் தூரிகை ஒன்றைக் கொடுத்தாள்.

ஆமாம் அக்கா, இப்போது தூரிகைதான். காய்ந்த தூரிகை.

காலையிலிருந்து நீலத்தில் இருந்தேன். ஒரு உள்ளங்கை அளவு ஆயிற்று. ஒரு துகளும் உதிரவில்லை. பிறகு சாரத்திலிருந்து இறங்கி, கை கழுவி, சாப்பிடப் போனேன்.

இந்து